புழுவுக்குப் பேர் தேடும் பேராண்டிக்கு

அடேய் பேராண்டி, கறிவேப்பிலை மரத்துல கிடந்த புழுவைப் படம் புடிச்சு ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிட்டியாமே! அதுவும் எப்படி, இலையை வீசிட்டு, புழுவை மட்டும் சிமெந்துத் தரையில போட்டு, கை ஆட ஆட எடுத்தது. கொழும்பு மச்சான் "பாம்புக் குட்டி"ங்கிறான். கட்டார்ல இருக்கிறவன் "தொட்டா கை அழுகிரும்"ங்கிறான். மாத்தளைத் தோட்டத்துப் புழுவுக்குக் கட்டார்ல சாதகம் பாக்கிற காலம், நாங்கதான் முந்திப் பொறந்துட்டோம்.

நீ ஏ.எல். படிச்சவன், நான் பெரட்டுக்குப் போனவன். ஆனாலும் கேளு. மாப்பிள்ளை பாக்கப் போனா மூஞ்சியை மட்டுமா பாக்கிறோம்? எந்த வீட்டுல கை நனைக்கிறான்னு விசாரிக்கிறோமில்ல? புழுவுக்கும் அதே விசாரணைதான். முக்காவாசிப் புழு கண்ட இலையைத் தின்னாது. தாய்ப்பூச்சி இலையைத் தேர்ந்துதான் முட்டை இடும். அந்த இலையைத்தான் நீ முதல்ல தூக்கி வீசினே, கெட்டிக்காரன்!

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, இதுல இருந்தா பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிப் புள்ளைதான். சின்னதுல காக்கா எச்சம் கணக்கா கிடக்கும். எச்சத்தை எந்தக் குருவி கொத்தப் போகுது? வளந்து கடைசித் தோலை உரிச்சா பச்சை. சீண்டினா தலைக்குப் பின்னால இருந்து செவப்பா ரெட்டைக் கொம்பு நீட்டி நாத்தம் விடும். உன் மச்சான் பாத்த பாம்பு நாக்கு அதுதான். அது கொட்டவும் செய்யாது, கடிக்கவும் செய்யாது.

முத்துமாரியம்மனுக்குப் பூக்கட்டுற அரளியில, பச்சை உடம்பும் ரெண்டு நீலக் கண்ணுமா ஒண்ணு முறைச்சுப் பாத்தா சூடம் கொளுத்திராதே. அது கண்ணே இல்லை, பொட்டு. பறவையை வெரட்டப் போட்ட வேஷம். ஆடு கூட வாய் வைக்காத அரளியைத் தின்னு, பெரிய அந்துப்பூச்சியாப் பறந்து போகும்.

முருங்கை அடிமரத்துல கும்பலா ஒட்டிக் கெடக்கிற கம்பளிப்புழுவை மட்டும் வீரத்தைக் காட்டி வெறுங்கையால தொடாதே. உன் சித்தப்பன் தொட்டான். ராத்திரி முழுக்கச் சொறிஞ்சுக்கிட்டே தத்துவம் பேசினான்.

சோளத்துல இருக்கிறதுன்னா கதை வேற. அமெரிக்காவுல பொறந்து, ஆப்பிரிக்கா, இந்தியான்னு சுத்தி, 2018ல நம்ம நாட்டுக்கும் வந்து சேந்தாரே சேனா படைப்புழு, அவருக்கு விசாவும் வேணாம், படமும் வேணாம். நெத்தியில தலைகீழா ஒரு ஆங்கில 'ஒய்', வால் பக்கம் சதுரமா நாலு கறுப்புப் புள்ளி. குருத்தைப் பிரிச்சா மரத்தூளாட்டம் எச்சம். தம்புள்ளை, கலேவெலப் பக்கம் சோளம் போட்டிருந்தா அங்க நின்னு ரசிக்காதே. விவசாயப் போதனாசிரியரைப் பாரு, இல்லாட்டி 1920க்கு ஒரு கோல் எடு.

மத்ததுக்கெல்லாம் அவசரமே இல்லை. நம்ம பேராதனைப் பூந்தோட்டத்துல அந்தக் காலத்துல ஹர்மானிஸ் டி அல்விஸ்னு ஒரு சித்திரக்காரர் இருந்தாரு. அவர் மகன்மார் வில்லியமும் ஜார்ஜும் பூச்சியை மட்டும் வரையலை, புழுவையும் கூட்டுப்புழுவையும் பக்கத்துலயே வரைஞ்சாங்க. அதை வச்சுத்தான் லண்டன்ல இருந்த ஃப்ரெட்ரிக் மூர் 1880ல இருந்து 1887 வரைக்கும் இலங்கைப் பூச்சிகளைப் பத்தி மூணு தொகுதி போட்டாரு. அட்டையில மூர் துரை பேர்தான். அது நமக்குப் பழகின சங்கதி. ஆனா எந்தப் புழு எந்தப் பூச்சியாகும்னு தெரியணும்னா, அது ஆகுற வரைக்கும் கூடவே குந்தியிருக்கணும். போன்ல தடவித் தள்ளுற விரலுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான்.

நீயும் குந்து. ஒரு போத்தல், வாயில வலைத்துணி, காலையில அதே மரத்து இலை புதுசா, எச்சத்தை மட்டும் தட்டிரு. பூச்சிக்குப் பதிலாப் புழு உடம்பைக் கிழிச்சு வெள்ளைக் கூடா வெளிய வந்தா, "ஐயோ செத்துருச்சே"ன்னு ஒப்பாரி வைக்காதே. அது குளவிப் புள்ளை, நம்ம கூலியில்லாக் காவல்காரன். தேயிலையில இலையை ஒட்டிச் சுருட்டுற புழுவை அடக்க 1930கள்ல ஜாவாவுல இருந்து இப்படி ஒரு குளவியைத்தான் இந்த நாட்டுக்கு வரவழைச்சாங்க.

போத்தலுக்கு எங்க போறதுன்னு முழிக்காதே. அடுப்பங்கரை மேல்தட்டுல அப்பாயி ஊறுகாய்க்குன்னு கழுவிக் கவுத்து வச்சிருக்கா. கேட்டா என் பேரைச் சொல்லிராதே.