மே மாதப் பயிற்சி

கேரளத்தின் கழக்கூட்டத்தில் 1990 முதல் டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. அங்கே ஆள் ஓடிவிடாமல் இருக்கச் சம்பளத்தைக் கூட்டுவார்கள். அதே ஊர் அரசுப் பள்ளி ஆசிரியரைப் பற்றி அந்தக் கவலை இல்லை; அரசு வேலையை யார் விடுவார்? ஆகவே அவருக்குப் பயிற்சி கொடுப்பார்கள்.

பயிற்சி என்றால் மே மாதம். பிள்ளைகள் விடுமுறையில் இருக்க, ஆசிரியர் வந்து கையெழுத்துப் போடுவார். குழுவுக்கு ஒரு சார்ட், இரண்டு ஸ்கெட்ச் பேனா. கையெழுத்து அழகானவர் எழுத, குரல் உள்ளவர் வாசிக்க, மற்றவர்கள் தேநீருக்குக் காத்திருப்பார்கள்.

2024 மே மாதம் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் 80,000 ஆசிரியர்களுக்கென்று செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியைத் தொடங்கியது. மூன்று நாள், அணிக்கு 25 பேர். நல்ல காரியம்தான். ஆனால் 56 வயதில் ஓய்வு பெற்று, மே 31-இல் ஆசிரியர்கள் கூட்டங்கூட்டமாக விடைபெறும் மாநிலமும் இதுவே. மாதத் தொடக்கத்தில் இயந்திரத்திடம் பாடக்குறிப்பு கேட்கக் கற்றவர், மாதக் கடைசியில் பிரிவுபசார விழாவுக்கு ஏற்புரை கேட்டு வாங்கலாம்.

2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் வேறு ஒரு குண்டு போட்டது: எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போரில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு. இத்தனை வருடம் சேர்த்த பயிற்சிச் சான்றிதழ்கள் அங்கே செல்லாது.

நிம்மதியாக இருப்பவர் தினக்கூலி ஆசிரியர் ஒருவர்தான். மார்ச்சோடு வேலையே முடிந்துவிடுகிறது; மே மாதத்தில் அவரை எதற்குக் கூப்பிடுவது?