சாகாமல் எழுத்தாளர் ஆவது எப்படி?

தம்பி, நாவலை முடித்துவிட்டாய், இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். முதல் வேலையாக ஒரு பெரிய கட்டைப்பை வாங்கு. பணக்கட்டு கொண்டுவர அல்ல. உன் புத்தகத்தை நீயே சுமக்க.

பதிப்பாளர் காபி வாங்கித் தருவார். "காகித விலை எங்கேயோ போயிடுச்சு தம்பி, இதெல்லாம் ஒரு சேவைதான்" என்று கண்கலங்குவார். இதே வசனத்தைக் காகிதக் கடையில் பேசியிருப்பாரா? அச்சகத்தில், பைண்டிங்கில், புத்தகக் கண்காட்சி ஸ்டாலுக்கு வாடகை கட்டும் இடத்தில்? அங்கெல்லாம் ரொக்கம். சேவை உனக்கு மட்டும் ஒதுக்கிய துறை. அத்தோடு விடுவாரா? 100 பிரதியை நீயே விலைகொடுத்து எடுத்துக்கொள் என்பார். பெற்றவளே பிள்ளையைக் காசு கொடுத்து வாங்கிப் போகும் ஊர் இது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். விலை 200 ரூபாய், ராயல்டி 10 சதவீதம். 300 பிரதி போட்டு, அத்தனையும் விற்று, கேட்டதும் பணம் வந்துவிட்டதாக வைத்துக்கொள். அது மாயாஜாலக் கதைதான்; இருந்தாலும் வைத்துக்கொள். 6,000 ரூபாய். எழுதியது 3 வருஷம். ஒரு நாளைக்கு ஐந்தரை ரூபாய்கூடத் தேறாது. அந்தக் காசுக்கு டீக்கடையில் டம்ளரை அலசிக் காட்டுவார்கள்.

எழுத்தால் பிழைக்க முடியாதவர்கள் எழுதக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறார்கள். பயிலரங்குக்குக் கட்டணம் கட்டிப் போ. "சொல்லாதே, காட்டு" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதை மட்டும் சொல்லவும் மாட்டார்கள், காட்டவும் மாட்டார்கள்.

அடுத்து வெளியீட்டு விழா. மண்டபம், மைக், பொன்னாடை எல்லாம் உன் செலவு. சிறப்புரையாளர் ஆட்டோவில் வரும்போது பின்னட்டையைப் படித்திருப்பார். முன்வரிசை நண்பர் தோளில் தட்டி, "பிரமாதம்! பிடிஎஃப் இருக்கா?" என்பார். பிரியாணிக் கடையில் அவர் இப்படிக் கேட்டதே இல்லை.

மனம் தளராதே. செத்துப்போனால் உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. புதுமைப்பித்தன் வயிற்றுப்பாட்டுக்காக சினிமாவுக்கு எழுதப் புனே வரை போனார். காசநோய் தின்று 1948இல் திருவனந்தபுரத்தில் செத்தார், வயது 42. 2002இல் அரசு அவர் எழுத்தை நாட்டுடைமை ஆக்கியது. 54 வருஷத்தில் எவ்வளவு அவசரம்! 'எழுத்து' இதழை நடத்திய சி. சு. செல்லப்பா, புத்தக மூட்டையைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலை 1997இல் சொந்தமாகவே வெளியிட்டார். 1998இல் போய்ச் சேர்ந்தார். அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001இல். விருது வேண்டாம் என்று சொல்லிப் பழகிய மனிதர். சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் வந்து சேர்ந்தது.

ஆக, மூச்சு இருக்கும்வரை பதிப்பாளர் உடைமை, நின்றால் நாட்டுடைமை. இடையில் ஒரு நாளாவது நீ உன் உடைமையாக இருந்தாயா? பிணத்துக்குப் பொன்னாடை போர்த்தத் தெரிந்த இந்தச் சமூகத்துக்கு, உயிரோடு இருப்பவனுக்கு ஒரு கணக்குச் சீட்டு அனுப்பத் தெரியவில்லை. இதற்குப் பெயர் வறுமை அல்ல, திருட்டு.

எனவே கதை நுணுக்கத்தோடு இதையும் படி: 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம். எழுத்தில் எழுதி நீ கையெழுத்துப் போட்டால்தான் உரிமை கைமாறும். எத்தனை வருஷத்துக்கு என்று குறிக்காவிட்டால் 5 வருஷம்தான். இதைச் சொன்னதும் பதிப்பாளர் முகம் வாடும்: "நமக்குள்ள எதுக்கு தம்பி பேப்பரெல்லாம்?"

பாவம், காகித விலை ஏறிவிட்டது என்று அன்றைக்கே அழுதவர். அந்த ஒரு தாளை நீயே வாங்கிக்கொண்டு போ. கட்டைப்பையில் இடமிருக்கும்.