வம்சாவளி மாமா

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வரும் ஓய்வூதியக்காரர்களில் மூட்டுவலியைப் பற்றியே பேசாத ஒருவர் எதிர்ப்பட்டால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் வம்சாவளி மாமாவாக இருப்பார். "தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?" என்று மெல்ல ஆரம்பிப்பார். அப்பா பேரைச் சொன்னால் தாத்தா பேரைக் கேட்பார். தாத்தாவைத் தாண்டி நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்காகத்தானே காத்திருந்தார்! காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ரெக்சின் பையிலிருந்து பூதக்கண்ணாடியையும் ஜெராக்ஸ் கட்டையும் எடுப்பார்.

மாமா ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். மிஷன் வீதியில் உண்டு, முத்தியால்பேட்டையில் உண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்து 'சொல்தா' பென்ஷன் வாங்கும் குடும்பங்களில் கட்டாயம் உண்டு. இந்த ஊரில் இந்த இனம் தழைத்ததற்குக் காரணம் பிரெஞ்சுக்காரனின் காகிதப் பித்து. பிறந்தால் ஒரு பதிவு, மணந்தால் ஒரு பதிவு, இறந்தால் ஒரு பதிவு. கப்புச்சின் துறவிகளின் கோயில் பதிவுகள் 1676-இலேயே தொடங்கிவிடுகின்றன. இங்கே ஆளுநராக இருந்த அல்ஃப்ரெத் மர்த்தினோ அந்தப் பதிவுகளின் சுருக்கத்தை அச்சிட்டும் வைத்துவிட்டுப் போனார். மாமாவுக்கு அந்தப் புத்தகம் பைபிளுக்கு அடுத்தபடி.

வெள்ளைக்காரர்களுக்குக் கப்ஸ் கோயில், தமிழர்களுக்குச் சம்பா கோயில் என்று அன்றே பிரித்து வைத்திருந்தார்கள். மாமா முதலில் கப்ஸ் கோயில் பக்கம்தான் போவார். ஏன் என்று கேட்கக் கூடாது.

பங்கு அலுவலகத்தில் அவர் நுழைவதைப் பார்த்ததுமே கோயில்பிள்ளை, "சாமியார் பூசைக்குப் போயிருக்கார் ஐயா" என்பார். "பரவாயில்ல, அவர் வர்ற வரைக்கும் அந்த ஞானஸ்நானப் புஸ்தகத்தை மட்டும் எடு" என்பார் மாமா. பழுப்பேறிய தாள், லத்தீன் வரிகள், ஓரத்தில் செல்லரித்த ஓட்டை. ஒவ்வொரு பதிவிலும் குழந்தை பேர், அப்பா அம்மா பேர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கடைசியில் சாமியாரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் புரியும். செல்லரித்த ஓட்டை எப்போதும் தகப்பன் பேர் இருக்கும் இடத்தில்தான் விழுந்திருக்கும். மாமா கலங்க மாட்டார். ஞானத்தாய் யாரென்று பார்த்து, அவள் அத்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, சார்ட் பேப்பரில் ஒரு கிளையைப் போட்டுவிடுவார்.

மாமாவின் உள்ளத்தில் ஒரு துபாஷி, அதாவது வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்து வியாபாரமும் பார்த்துக் கொடுத்த பெரிய மனிதர், முன்னோராகக் குடியிருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளையைப் பிடிக்க வழியில்லை. அவர் கடைசிவரை வேதத்தில் சேரவில்லை, கோயில் புத்தகத்தில் அகப்பட மாட்டார். ஆகவே அவருக்கு முன்னால் தலைமைத் துபாஷியாக இருந்து 1746-இல் இறந்த கனகராய முதலியாரைப் பிடித்துக்கொள்வார். முதலியார் நல்ல கிறிஸ்தவர், உழவர்கரையில் சொந்தச் செலவில் கோயில் கட்டியவர். ஒரே ஒரு சங்கடம்: அவருடைய ஒரே மகன் அவருக்கு முன்பே இளவயதில் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் கோயிலே அவன் நினைவாகக் கட்டியதுதான். இதை யாராவது எடுத்துச் சொன்னால், "நாங்க தம்பி வழி" என்பார் மாமா. முதலியாரின் சொத்துக்குத் தம்பி போட்ட சண்டை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் விரிவாகவே இருக்கிறது. அதை மட்டும் மாமா இன்னும் படிக்கவில்லை.

பழைய புத்தகங்களில் துபாஷிகள் மட்டுமா இருக்கிறார்கள்? எஜமானன் பேரோடு ஞானஸ்நானம் பெற்ற அடிமைகள் இருக்கிறார்கள், தொப்பி போட்ட கலப்பினத் தொப்பாஸ்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் மாமாவின் பூதக்கண்ணாடி நிற்பதில்லை. என்னைக் கேட்டால், இந்த ஊரின் பாதிக் கதை அந்தப் பக்கங்களில்தான் கிடக்கிறது.

1881-க்கு வந்தால் வேறு வம்பு. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த ஆணைப்படி, சொந்த சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம்; வருகிறவர் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றம் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்காடி வென்ற வக்கீல் பொன்னுத்தம்பி, லாபோர்த் ஆனார். அவர் வழியில் எத்தனையோ பேர் ஒரே நாளில் பிரெஞ்சுப் பெயரோடு திரும்பினார்கள். விளைவு, மாமாவின் மரத்தில் சின்னசாமிக்கு அடுத்து ஒரு துரை வந்து உட்கார்ந்திருப்பார். புது மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்து, "உங்க பக்கம் வெள்ளைக்கார ரத்தம் உண்டா?" என்று கேட்டால் மாமா மறுக்கவும் மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவரைக் கைவிட்டது. இங்கிலாந்தில் நூறு வருடம் கழிந்தால் வீட்டுவாரிப் படிவங்களைத் திறந்து காட்டுகிறார்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல் வெளியானது. நம் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி படிவத்தை யாருக்கும் காட்டுவதில்லை. இந்தியக் கணக்கெடுப்பு புதுச்சேரிக்கு வந்ததே 1961-இல்தான். "தலையை மட்டும் எண்ணிட்டுப் பேரை ஒளிச்சு வச்சா எப்படி?" என்று மாமா கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மாமாவின் பரம எதிரி, பாஸ்போர்ட் மருமகன். புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. எழுதிக் கொடுத்த அண்ணன் பிரான்ஸ், கொடுக்காத தம்பி இந்தியா. அந்தத் தம்பியின் பேரன்தான் இன்று மாமா வீட்டுத் திண்ணையில் பவ்யமாக உட்கார்ந்திருப்பவன். அவனுக்கு வேண்டியது பிரெஞ்சு பாஸ்போர்ட், துபாஷி இல்லை. தாத்தா கையெழுத்துப் போட்டாரா என்பது மட்டும் போதும். மாமாவோ 1740-இலிருந்துதான் ஆரம்பிப்பார்.

ரெயூனியன் தீவிலிருந்து வருகிறவர்களிடம்தான் மாமா உண்மையில் உருகுவார். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் பதிவு எண்ணும் ஊர்ப் பெயரும் எழுதிய துண்டுச்சீட்டோடு வருவார்கள். ஊர்ப் பெயரைப் பிரெஞ்சுக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். மாமா அதை நாலு தடவை உரக்கப் படித்து, தமிழில் என்னவாக இருக்கும் என்று சொல்லி, ஆட்டோவும் பிடித்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும். காப்பி கொடுங்கள், பாட்டியைப் பேச விடுங்கள். பாட்டியின் கல்யாணப் பத்திரத்தைக் கேட்டால் மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.