காலுக்குப் போட்ட பாட்டு

எங்கள் வம்சத்தில் யாரும் ஆடியதில்லை. சாமி வந்து ஆடிய அத்தைப் பாட்டி ஒருத்தி உண்டு. அந்தச் சாமியும் கடன்காரர் வாசலுக்கு வரும் நாட்களில் மட்டும்தான் வரும் என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்துவிட்டு, 1930-களில் லண்டன் ஓட்டல்களில் ஜோடி ஜோடியாக ஆடுவதற்காக வாசித்த டான்ஸ் பேண்ட் பாட்டுகளே கதியென்று நான் கிடக்கிறேன். என் மனைவி இதை ஒரு வியாதிக் கணக்கிலேயே வைத்திருக்கிறாள். "இவருக்கு சர்க்கரை, பி.பி., அப்புறம் ரே நோபிள்" என்று டாக்டரிடம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவள்.

நான் கேட்கும் விதம்தான் இதில் வேடிக்கை. அந்தக் காலத்தில் இந்தப் பாட்டை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. மேஃபேர் ஓட்டலில் ஆம்ப்ரோஸ் குழு வாசிக்கும்போது சீமான்கள் சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். சீமாட்டிகள் அடுத்த மேஜைக்காரியின் நெக்லஸைக் கண்ணாலேயே எடை போடுவார்கள். மற்றவர்கள் ஆடுவார்கள். பேண்ட் வாசித்தது காலுக்கு. காதில் விழுந்தால் அது காதின் அதிர்ஷ்டம். நானோ சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டு, நடுநடுவே 'ஆஹா' என்கிறேன். அந்த டிராம்போன்காரர் இதைப் பார்த்திருந்தால், 'எந்த இடத்தில் தப்பாக வாசித்தேன்?' என்று கதி கலங்கியிருப்பார்.

மாடி வீட்டு மாமா சபா மெம்பர். மார்கழியில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. மற்ற மாதங்களில் அவர் வீட்டில் காபிப் பொடி தீரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் பார்க்கலாம். ஒரு நாள் காபியோடு உட்கார்ந்து கேட்டார்.

"இது என்ன ராகம்?"

"மேஜர் ஸ்கேல் மாமா. நம்ம சங்கராபரணம்னு வெச்சுக்குங்க."

"வெச்சுண்டேன். பாடறவர் எங்கே?"

"வருவார் மாமா. இன்னும் ஒரு நிமிஷம் ஆகும்."

"பாட்டு மொத்தம் எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷப் பாட்டுல முதல் நிமிஷம் ஆளே வரலைன்னா, கேண்டீன்ல இருக்காரா?"

மாமா கேட்டது நியாயமான கேள்வி. பத்து அங்குல பிளேட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். அதற்குள் முதலில் பேண்ட் மெட்டு முழுவதையும் வாசித்துவிடும். பெரும்பாலும் எட்டு எட்டு பார்களாக நான்கு பகுதி, மொத்தம் 32 பார். முதல் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், மூன்றாவது கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வரும், நான்காவது பழையபடி வீடு திரும்பும். இத்தனையும் ஆன பிறகு, அதுவரை ஓரத்தில் கிடாரோடு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வந்து ஒரே ஒரு சுற்றுப் பாடுவார். பாடி முடித்ததும் போய் உட்கார்ந்துவிடுவார். மறுபடி சாக்ஸபோன்கள், டிரம்பெட்டுகள், முடிவு. பல பிளேட்டுகளின் லேபிளில் பாடியவர் பெயர்கூட இருக்காது. 'வோக்கல் ரெஃப்ரெயின்' என்று மட்டும் போட்டிருப்பார்கள், சாப்பாட்டு பில்லில் 'அப்பளம் தனி' என்பது போல.

நம் நாட்டில் கதை வேறு. 1902-இல் கல்கத்தாவில் ரிக்கார்டு கொடுத்த கௌஹர் ஜான், பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார். பிளேட்டு அச்சான ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டுகிறவனுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே என்பது காரணம். காரணம் எதுவானாலும் அந்தக் கம்பீரம் கம்பீரம்தான். லண்டன் பாடகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் பேண்டில் ஒரு வாத்தியம், அவ்வளவுதான். இந்தத் தன்னடக்கத்தில்தான் நான் விழுந்தேன் என்று நினைக்கிறேன். பாட்டுக்கு நடுவே பாடகர் முகம் பத்து முறை வருகிற காலத்தில், வேலையை முடித்துவிட்டுப் போய் உட்காருகிற ஒரு குரலைக் கேட்டால் மனசு லேசாகிறது.

அந்தக் குரல்களில் முதன்மையானது ஆல் பௌலி. அவருடைய ஜாதகமே ஒரு பயணக் கட்டுரை. பிறந்தது மொசாம்பிக்கில். அப்பா கிரேக்கர், அம்மா லெபனான்காரி. வளர்ந்தது ஜோஹன்னஸ்பர்க்கில், பார்த்த தொழில் முடிதிருத்தல். எட்கர் அடேலர் என்பவரின் பேண்டில் சேர்ந்து ஊர் ஊராகப் போனவர், ஜாவாவின் சுரபாயாவில் வேலையை இழந்தார். மேடையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த முதலாளியின் தலையில் குஷனை வீசியதுதான் காரணம் என்று சொல்வார்கள். முதலாளி தலையில் எதையாவது வீச வேண்டும் என்று நினைக்காத ஊழியன் உலகத்தில் உண்டா? இவர் வீசினார். அதற்குப் பிறகு வயிற்றுப் பிழைப்புக்கு எங்கே வந்தார் என்கிறீர்கள்? நம் கல்கத்தாவுக்கு. 1926-இல் சௌரங்கியில் இருக்கும் கிராண்ட் ஓட்டலில் ஜிம்மி லெக்விம் என்பவரின் பேண்டில் இருந்தார். இதை நான் சொன்னபோதுதான் மாமா முதன்முறையாக மரியாதையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ நம்மாத்து மனுஷர்தான்" என்றார். மாமாவின் பெரியப்பா கல்கத்தாவில் ஏஜி ஆபீஸில் இருந்தாராம்.

பௌலி பிறகு சிங்கப்பூர், பெர்லின் என்று சுற்றி 1928-இல் லண்டன் சேர்ந்தார். 1930 கடைசியில், என் வியாதிப் பட்டியலில் இருக்கும் பேண்ட் தலைவர் ரே நோபிளோடு சேர்ந்தார். அடுத்த நான்கு வருஷத்தில் அவர் பதிவு செய்த பாட்டுகள் 500-க்கு மேல். பகலில் எச்.எம்.வி. ஸ்டூடியோவில் நோபிளுக்கு, ராத்திரி பிக்காடிலியில் மான்சினியர் ரெஸ்டாரண்டில் ராய் ஃபாக்ஸுக்கு, அவருக்குப் பின் லூ ஸ்டோனுக்கு. இத்தனைக்கும் அவர் எங்கேயும் கத்தவில்லை. அதற்கு மைக்குக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1925-க்கு முன்னால் ரிக்கார்டு கொடுப்பதென்றால் ஒரு தகரக் குழாய்க்குள் தலையை விட்டு உயிர் போகிற மாதிரி பாட வேண்டும். மின்சார முறை வந்த பிறகு முணுமுணுத்தால்கூடப் பதிவாயிற்று. பௌலி லண்டனில் காதோரம் கிசுகிசுத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், இங்கே நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரன் தூங்கிவிடாதபடி உச்ச ஸ்தாயியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் மகான்கள். ஆனால் மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் கேட்க எனக்கு பௌலிதான் தோது.

இந்தப் பிளேட்டுகளில் பின்னால் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் 'அப்பா அப்பளம் பொரிக்கிறார்'. நவீன மென்பொருளில் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட முடியும் என்று பிள்ளை சொன்னான். துடைத்தும் காட்டினான். பாட்டு குளிப்பாட்டின நாய் மாதிரி பரிதாபமாக இருந்தது. அந்தச் சத்தம் தூசி மட்டும் அல்ல. அந்தக் காலத்து பிளேட்டு அரக்கில் செய்தது. அரக்கோடு பாதிக்கு மேல் கல் பொடியைக் கலப்பார்கள். இரும்பு ஊசியை முதல் சில சுற்றுகளிலேயே தேய்த்து, பள்ளத்துக்கு ஏற்றபடி கூர் பண்ணிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றேதான் கலந்தார்கள். ஆக, பௌலி காதலியைப் பற்றி உருகும்போது பின்னால் கேட்பது, கல்லும் இரும்பும் சண்டை போடும் சத்தம். ஒரு பக்கம் முடிந்தால் ஊசி அவுட். வேறு மாட்டு, சாவி கொடு, திருப்பிப் போடு. மூன்று நிமிஷ இன்பத்துக்கு இவ்வளவு உடம்புப் பயிற்சி.

அந்த அரக்குக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் புரச மரக் கிளைகளில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரப்பது. உலகம் முழுவதற்கும் பெரும்பகுதி அரக்கு போனது இந்தியாவிலிருந்துதான். பாண்டவர்களைக் கொளுத்துவதற்கு என்று துரியோதனன் கட்டிய மாளிகைச் சரக்கில்தான் லண்டன் சீமான்களின் ஃபாக்ஸ்ட்ராட் பதிவாகியிருக்கிறது. மாமாவிடம் இதையும் சொன்னேன். "பூச்சி கச்சேரின்னு சொல்லு" என்று இன்னொரு காபிக்கு அடிபோட்டார்.

சரி, என்ன பாடினார்கள்? நிலா, நட்சத்திரம், நீ, நான். இதைத் தவிர ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். பிரிட்டனில் 30 லட்சம் பேர்வரை வேலையில்லாமல் நின்ற காலம் அது. பாட்டில் ஒருவருக்கும் வாடகை பாக்கி கிடையாது. புத்திசாலிகள் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். வாசிப்பவருக்கு மட்டும் வாடகை பாக்கி இருந்திருக்கும். அந்தக் கவனம் வாசிப்பில் தெரிகிறது. ஒத்திகைக்கு நேரமில்லாமல், எதிரே வைத்த நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரிந்த ஆட்கள். நாலு சாக்ஸபோன் ஒரே ஆள் மூச்சு விடுகிற மாதிரி சேர்ந்து விடும். 1932-இல் ஹென்றி ஹால் குழு வாசித்த கரடிக் குட்டிகளின் பிக்னிக் பாட்டை, பி.பி.சி. இன்ஜினீயர்கள் தங்கள் கருவிகளைச் சோதிக்கப் பல வருஷம் பயன்படுத்தினார்கள். அடிமட்டத்திலிருந்து உச்சம்வரை எல்லாச் சத்தமும் அதில் அவ்வளவு துல்லியம். குழந்தைகளுக்குப் போட்ட பாட்டு தராசுக் கல்லாகிவிட்டது.

காலக்கூத்து வேறொன்றும் உண்டு. ஊரை மகிழ்விக்கப் போட்ட இந்தப் பாட்டுகள் இப்போது பேய்களின் சொத்து. தங்கை மகள் கல்லூரிக்காரி. வீட்டுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "மாமா, இது பேய்ப் பாட்டாச்சே!" ஸ்டான்லி குப்ரிக் 1980-இல் எடுத்த 'த ஷைனிங்' படத்தின் கடைசியில் பௌலியின் பாட்டு வரும். சுவரில் ஒரு பழைய புகைப்படம், அதில் 1921-ஆம் வருஷம் என்று எழுதியிருக்கும். தியேட்டரே உறைந்து போகிற இடம். எனக்கு மட்டும் பயமே வரவில்லை, வயிற்றெரிச்சல்தான். ரே நோபிள் குழு அந்தப் பாட்டைப் பதிவு செய்தது 1934-இல். பதிமூன்று வருஷம் இடிக்கிறது! பேய்க்கு முன்கூட்டியே பிளேட்டு கிடைத்ததா?

அவளுடைய ஹாஸ்டலில் இன்னும் மோசம். த கேர்டேக்கர் என்ற பெயரில் லேலண்ட் கிர்பி என்கிற இங்கிலாந்துக்காரர் இதே மாதிரிப் பழைய பிளேட்டுகளை வெட்டி ஒட்டி, தேய்த்துக் கரைத்து, மறதி நோய் ஒரு மனதை எப்படித் தின்கிறது என்று ஆறரை மணி நேரத்துக்கு ஒரு படைப்பு செய்திருக்கிறார். பிள்ளைகள் விளக்கை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டு அழுகிறார்களாம். நானும் கொஞ்சம் கேட்டேன். பெரிய படைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பாட்டுகள் கரைந்து போவதைக் கேட்க என் வயதுக்காரனுக்குப் பொறுமை கிடையாது. நான் அசல் பிளேட்டையே, விளக்கைப் போட்டுக்கொண்டு, மிக்ஸரோடு கேட்கிறேன். "உங்களுக்கு ஃபீலிங்கே இல்லை மாமா" என்றாள்.

பேய்ப் பேச்சுக்கு ஒரு நிஜம் உண்டு. 1941 ஏப்ரலில் பௌலி ஹை விக்கமில் ஒரு நிகழ்ச்சி முடித்தார். ராத்திரி அங்கேயே தங்கச் சொன்னார்கள்; கடைசி ரயிலைப் பிடித்து லண்டன் வீட்டுக்கு வந்து படுத்தார். 17-ஆம் தேதி விடியுமுன் ஜெர்மானியர் போட்ட வெடி வீட்டுக்கு வெளியே வெடித்தது; பௌலி அதில் போய்விட்டார். அதற்கு முந்தின மாதம்தான் கஃபே த பாரி விடுதியில் குண்டு விழுந்து, கென் ஜான்சன் என்ற அருமையான கறுப்பின பேண்ட் தலைவர், மேடையிலிருந்தபோதே போய்ச் சேர்ந்திருந்தார். வெளியூரில் தங்கச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இப்போதெல்லாம் நான் மறுப்பதில்லை. மனைவிக்கு இதன் காரணம் புரிந்தாலும், மச்சினர் வீட்டில் புரிவதில்லை.

போன மாதம் டாக்டர் நடக்கச் சொன்னார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறேன். நடைக்கென்று நான் பிடித்துவைத்திருப்பது விக்டர் சில்வெஸ்டர். 1922-இல் பால்ரூம் நடனத்தில் உலக சாம்பியன். ஆடுகிறவனுக்குச் சரியான வேகத்தில் ஒருவனும் ரிக்கார்டு போடுவதில்லை என்று கோபம் வந்து, 1935-இல் தானே குழு அமைத்துவிட்டார். கறாரான வேகம், ஒரு மாத்திரை முன்னே பின்னே கிடையாது. பாடகரையும் அடியோடு தூக்கிவிட்டார், கேண்டீனிலேயே இருந்துகொள்ளட்டும் என்று. 'ஸ்லோ, ஸ்லோ, குயிக்-குயிக், ஸ்லோ' என்று அவர் கற்றுக்கொடுத்த கணக்கு பூங்காவின் முதல் சுற்றிலேயே எனக்குக் காலில் ஏறிவிட்டது. இரண்டு அடி நிதானமாக, இரண்டு அடி பொசுக்கென்று, பிறகு ஓர் இழுப்பு. வளைவில் லேசாக ஒரு திருப்பமும் தானாக வந்தது.

எதிர்ச் சுற்றில் வரும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் ஒரு வாரம் பார்த்திருக்கிறார். பிறகு தாங்காமல் நிறுத்தினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இடுப்புலயா, முழங்கால்லயா?"

எனக்குத் தெரிந்த அளவுக்கு ஃபாக்ஸ்ட்ராட்டை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் மனைவிக்கு மூட்டு மாற்றிய டாக்டரின் நம்பரைக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்து வரவிருந்தது குயிக்ஸ்டெப்.