கீறல் ஆராய்ச்சி: பழைய பேஸ் கிட்டார்ச் சந்தை பற்றிய ஒரு முன்னோட்டம்

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர்கள் மூலபாடம் எது, பாடபேதம் எது, இடைச்செருகல் எது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அதே வேலையை, அதைவிடக் கடுத்த முகத்தோடு செய்கிற இன்னொரு கூட்டம் உண்டு. பழைய பேஸ் கிட்டார்களை வாங்கி விற்கும் பித்தர்கள். திருப்புளி, டார்ச் லைட், உடல் எடை பார்க்கும் மெஷின் ஆகியவையே இவர்களின் ஆய்வுக் கருவிகள். பாட்டுக் கேட்கிறவர்களில் பலருக்கு இந்த வாத்தியத்தின் ஓசை தனியாகக் காதில் விழுவதே இல்லை என்பது ஆய்வின் தீவிரத்தை எள்ளளவும் குறைப்பதில்லை.

இக்கட்டுரையின் கருதுகோள் எளியது. இந்தச் சந்தையில் விலைபோவது நாதம் அல்ல, கீறல். நகைக்கடையில் சேதாரத்துக்கு வாங்குபவர்தான் பணம் கட்டுகிறார், இங்கும் அதேதான். ஆனால் எல்லாக் கீறலும் ஒரே சாதி அல்ல. முன்கை உரசி வண்ணம் போன இடமும், இடுப்பு பெல்ட்டின் கொக்கி முதுகில் போட்ட கோடுகளும் ‘நேர்மையான தேய்மானம்’. அதே முதுகில் முன்னாள் உரிமையாளர் தன் பெயரைச் செதுக்கியிருந்தால் அது சேதம். வாசித்துத் தேய்ந்தால் விலை ஏறும், யோசித்துச் செய்ததெல்லாம் விலையை இறக்கும்.

இனி வரலாற்றுப் பின்னணி. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார், 1960இல் ஜாஸ் பேஸை. 1965 ஜனவரியில் அவருடைய நிறுவனத்தை சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. சந்தையின் காலக்கணக்கில் கி.மு. அந்த மாதத்தோடு முடிகிறது. டிசம்பரில் பிறந்த பேஸும் பிப்ரவரியில் பிறந்த பேஸும் ஒரே தொழிற்சாலையில் உருவானவைதான். இருந்தாலும் முன்னது ‘சிபிஎஸ்ஸுக்கு முந்தையது’ என்ற பட்டத்தோடு உலா வரும்; பின்னதை விற்பவர் சற்றே தொண்டையைச் செருமிக்கொள்வார்.

ஆகவே பிறந்த தேதி முக்கியம். அதைக் கண்டறிய நான்கு திருகுகளைக் கழற்றிக் கழுத்தைத் தனியே எடுக்க வேண்டும். உடலோடு பொருந்தும் அடிப்பகுதியில் முற்காலத்தில் பென்சிலாலும் பிற்பாடு ரப்பர் முத்திரையாலும் தேதி இட்டிருப்பார்கள். அது கழுத்தின் பிறந்தநாள் மட்டுமே. உடலுக்கு வேறு ஜாதகம். அடுத்து, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’டைப் பார்க்க வேண்டும். அதன் முதுகில் எண் பொறித்திருக்கும். 304 என்று தொடங்கினால் செய்தது ஸ்டாக்போல் நிறுவனம், 137 என்றால் சிடிஎஸ். 304 6134 என்பதை 1961ஆம் ஆண்டின் 34ஆம் வாரம் என்று வாசிக்க வேண்டும். இதை மனப்பாடமாகச் சொல்லும் ஆய்வாளருக்குத் தம் வீட்டில் எல்லோருடைய பிறந்தநாளும் நினைவிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இதிலும் ஒரு வழு உண்டு. 1966இல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டது. அதனால் 1968இல் செய்த பேஸின் வயிற்றிலும் 1966ஆம் ஆண்டுப் பாட் கிடக்கும். கிட்டார் அந்த எண் காட்டும் ஆண்டுக்கு முந்தையது அல்ல என்பதற்குமேல் பாட் எதையும் சொல்லாது. ஈயப்பற்று பளபளவென்று புதிதாக இருந்தால் பாட்டே இடைச்செருகல். யாரோ தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பை மாற்றி ஓசையை மேம்படுத்தியிருக்கிறார் என்றால் அது பெருங்குற்றம். ஓசை மேம்பட்டது என்பதற்காகத் தண்டனை குறையாது.

கீறலியலின் மிகச் சோகமான அத்தியாயம் விரல்தாங்கி. லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பேஸ்காரர்கள் கட்டைவிரலால் மீட்டுவார்கள், மற்ற விரல்களுக்குப் பிடிமானம் வேண்டும் என்று கருதி, தந்திகளுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சிறு கட்டையைத் திருகி வைத்தார்கள். வாசித்தவர்களில் பலரோ விரல்களால் மீட்டினார்கள். கட்டைவிரலுக்குத்தான் மேல்பக்கம் தாங்கல் தேவைப்பட்டது. எனவே கட்டையைக் கழற்றி, இரண்டு ஓட்டை போட்டு, மேலே மாட்டிக்கொண்டார்கள். 1974இல் கம்பெனியே அதை மேல்பக்கம் கொண்டுபோய்விட்டது. ஆக, 1963இல் துளை போட்டவர் பதினொரு ஆண்டு முன்கூட்டியே சரியாக யோசித்தவர். அந்த இரண்டு துளைக்கும் இன்றுவரை விலையில் கழிவு உண்டு.

இதன் மறுபக்கம் ‘ஆஷ்ட்ரே’. தந்திகள் வந்து முடியும் பாலத்தின்மேலும் பிக்கப்பின்மேலும் பளபளக்கும் குரோம் மூடிகளை மாட்டித்தான் பேஸ்கள் கடைக்கு வந்தன. கைக்கு இடைஞ்சல் என்று வாசிப்பவர்கள் கழற்றிப் போட்டார்கள். சிலர் சிகரெட் சாம்பலைத் தட்ட வைத்துக்கொண்டார்கள், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று மூடி இல்லாத பேஸ் அரைகுறை. அதைத் தனியாகத் தேடிப் பிடித்து, நல்ல விலை கொடுத்து வாங்கி, பெட்டிக்குள் ஒரு துணியில் சுற்றி வைப்பதே முறை. மாட்டி வாசிப்பவர் அரிது.

வண்ணத்திலும் வழக்கு உண்டு. அக்காலத்து ஃபெண்டர் வண்ணங்களில் பல டியூபான்ட் நிறுவனத்தின் கார்ப் பெயின்ட்கள். மேலே பூசிய லாக்கர் ஆண்டுக்கணக்கில் மஞ்சளடிப்பதால் லேக் பிளாசிட் நீலம் பச்சையாகிவிடும். ஒலிம்பிக் வெள்ளை பழுத்த தந்தத்தின் நிறத்துக்கு வந்துவிடும். உண்மை நிறம் உடலின்மேல் திருகிய பிக்கார்டுத் தகட்டுக்கு அடியில், வெயில் படாமல், பத்திரமாக இருக்கும். அதனால்தான் வாங்க வருபவர் ஒரு சுரமும் வாசித்துப் பார்க்காமல் முதலில் திருகுகளைக் கழற்றுகிறார். முழுவதும் மறுவண்ணம் அடித்தது என்று தெரிந்தால் பாதி விலை என்பது வியாபாரிகளின் வாய்ப்பாடு.

மகான்களுக்கு இலக்கணம் பொருந்தாது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் விரல்பலகையில் குறுக்கே பதித்த ஃபிரெட்டுக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டுப் பள்ளங்களை அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். வேறு யாராவது செய்திருந்தால் இது கொலை. அந்த பேஸ் 1986இல் நியூயார்க்கில் திருடுபோனது. பல ஆண்டுகள் கழித்து அதே ஊரில் ஒரு கடையில் தலைகாட்டியபோது, அதை மீட்கப் பணம் கொடுத்து உதவினார் மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ. மோடவுன் பாடல்களின் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸுக்குத் தந்தி மாற்றாமலே வாசித்துக்கொண்டிருந்தவர். 1983இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அது களவுபோனது, இன்னும் கிடைக்கவில்லை. 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் எதைக் கண்டாலும் நம் ஆய்வாளருக்கு ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொள்வது இதனால்தான். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் சுமார் 30 பவுனுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோய், இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடந்து, அவரிடமே திரும்பி வந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. இத்துறையில் பரண்களுக்கு இப்போது தனி மரியாதை.

ஜப்பானிய பேஸ்களை விற்பவர்கள் ‘லாசூட் காலத்தது’, அதாவது வழக்குக் காலத்தது, என்பார்கள். கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின் 1977இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு ஒன்று உண்டு. ஐபனேஸ் கிட்டார்களின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றிய அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. ஐபனேஸோ அந்த வடிவத்தை முன்பே மாற்றிவிட்டிருந்தது. விளம்பரங்களை நம்பினால், 1970களில் ஜப்பானில் செய்த ஒவ்வொரு கிட்டாரும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லியிருக்க வேண்டும்.

விரல்பலகையில் நமக்கும் பங்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட் அரிதாகிப்போனபின் அந்த இடத்துக்கு வந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், இந்திய ரோஸ்வுட். அதன் பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் ஏறியது. 2019 நவம்பரில் இசைக்கருவிகளுக்கு விலக்கு வரும்வரை, கடல் கடந்து இந்திய ரோஸ்வுட் பலகையுள்ள ஒரு பழைய பேஸை விற்க அரசுச் சான்று தேவைப்பட்டது. மேப்பிள் பலகைக்காரர்கள் அந்த நாள்களில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

எடை பற்றி ஒரு வார்த்தை. நான்கு கிலோவுக்குக் குறைவு என்றால் விளம்பரத்தின் முதல் வரியே அதுதான். எடையைப் பற்றி மூச்சு விடாத விளம்பரம் என்றால் 1970களின் ஆஷ் மரம், தோள்பட்டை ஜாக்கிரதை. நல்ல பேஸ் வாங்கப் பணம் சேரும் வயதும் முதுகுவலி தொடங்கும் வயதும் ஒன்றாக இருப்பது இயற்கையின் குறும்பு.

விற்பவர் சொல்லும் காரணங்கள் தனி ஆய்வுக்குரியவை. இடம் போதவில்லை, கை வலிக்கிறது, ஐந்து தந்திக்கு மாறிவிட்டேன் என்பார்கள். பெரும்பாலும் இன்னொரு பேஸ் கண்ணில் பட்டிருக்கும். கைமாறும்போது ஒரு வாய்மொழி ஒப்பந்தமும் உண்டு: எப்போதாவது விற்பதென்றால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். விற்றவர் சில மாதத்தில் தாமே போன் போட்டு, “வாத்தியம் எப்படி இருக்கு?” என்று விசாரிப்பார். வாங்கியவருக்கு அதன் பொருள் புரியும்.

ரஷ் குழுவின் கெடி லீ மிச்சிகனின் கலமசூவில் ஓர் அடகுக்கடையில் 1972ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றைச் சுமார் 200 டாலருக்கு வாங்கினார். 1998இல் ஃபெண்டர் அதை மாதிரியாக வைத்து அவர் பெயரிலேயே புது பேஸ்கள் செய்து விற்றது. அதற்கு முன்பே, 1995இல், அந்நிறுவனத்தின் கஸ்டம் ஷாப் ‘ரெலிக்’ கிட்டார்களை அறிமுகப்படுத்தியிருந்தது. புத்தம்புதிய கருவியைத் தேய்த்து, சுரண்டி, துரு ஏற்றிக் கூடுதல் விலைக்குக் கொடுப்பார்கள். இப்போது அந்த ரெலிக்குகளும் இரண்டாம் கைக்கு வந்துவிட்டன. விற்பவர்கள் படங்களில் அம்புக்குறி போட்டு, இந்தக் கீறல்கள் தொழிற்சாலை போட்டவை, இந்த ஒன்று மட்டும் நான் கதவில் இடித்தது என்று குறிப்பிடுகிறார்கள். தொழிற்சாலைக் கீறலுக்குக் கழிவு இல்லை. கதவில் இடித்ததற்கு எவ்வளவு குறைப்பது என்பதில்தான் பேரம் இழுக்கிறது.