மழை இரண்டு வீட்டுக்கும்தான்

கே: எங்கள் ஊர் மலையைக் காட்டி, "பாறைமேல் வீடு கட்டுங்கள்" என்று பிரசங்கம் செய்தார் ஐயர். மகேந்திரவர்மன் அங்கே கட்டவே இல்லையே, குடைந்தல்லவா வைத்திருக்கிறான்? (தளவானூர் வாசகர்)

ப: பிரசங்க நேரத்தில் விழித்திருக்கிறீர்கள், பாராட்டுகள். உங்கள் ஊர் சத்ருமல்லேசுவரம் 7ஆம் நூற்றாண்டுக் குடைவரைதான். மண்டகப்பட்டில் அதே ராஜா, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் ஆக்கினேன் என்று கல்லிலேயே வெட்டி வைத்துப் பெருமையடித்திருக்கிறார். ஆனாலும் ஐயரை மன்னித்துவிடுங்கள். மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் பாறைமேல் ஒருவனும் மணல்மேல் ஒருவனுமாக வீடு கட்டும் இரண்டு பேருமே செய்தியைக் கேட்டவர்கள்தான். ஒருவன் கேட்டபடி செய்தான், மற்றவன் கேட்டதோடு சரி. ஆராதனை முடிந்து "அருமையான செய்தி ஐயா" என்று வாசலில் கைகுலுக்குகிறோமே, அந்த வரிசையில் இரண்டாமவனும் நிற்கிறான்.

கே: தினமும் குடும்ப ஜெபம் நடக்கிற வீட்டில் கஷ்டம் வராது அல்லவா?

ப: அதே கதையில் மழையும் வெள்ளமும் காற்றும் இரண்டு வீட்டின்மேலும்தான் மோதின.

கே: காலையில் ஜெபத்தில் உட்கார்ந்தால், மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டினோமா, கரண்ட் எப்போது வரும் என்றே மனசு ஓடுகிறது. (செஞ்சி விவசாயி)

ப: 1935இல் ஜெர்மனியில், ஹிட்லருக்கு வளைந்து கொடுக்காத சபைக்காகப் போதகர்களைத் தயாரித்தார் பான்ஹோஃபர். ஃபின்கன்வால்டே என்ற இடம். தினமும் காலையில் அரை மணி நேரத் தியானம், வாரம் முழுக்க ஒரே வேதபகுதி. மாணவர்கள் முணுமுணுத்தார்கள், உங்களைப் போலவே மனசு ஓடுகிறது என்றார்கள். யாரைத் தேடி ஓடுகிறதோ அவர்களையும் ஜெபத்துக்குள் கொண்டுவாருங்கள் என்பது அவர் சொன்ன வழி. 1937இல் ரகசியப் போலீஸ் அந்த இடத்தை மூடியது. 1945இல் அவரைத் தூக்கில் போட்டார்கள். நீங்கள் தாராளமாக மல்லாட்டைக்காக ஜெபியுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் மல்லாட்டையையும் சேர்த்துக்கொண்டால் சீஷத்துவம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

கே: அதிகாலை ஜெபத்தில் தூங்கிவிடுகிறேன்.

ப: கெத்செமனேயில் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் தூங்கினார்கள். நல்ல கூட்டணிதான். ராத்திரி போனைக் கொஞ்சம் சீக்கிரம் அணைத்துப் பாருங்கள்.

கே: ஐடா ஸ்கடருக்கு எங்கள் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் தேவ அழைப்பு வந்தது. எனக்கு அப்படி ஒரு ராத்திரி வரவே இல்லையே?

ப: அந்த ராத்திரி யாருக்கும் வர வேண்டாம். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள் என்று ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். டாக்டரான அப்பா கிளம்பத் தயார். ஆண் வைத்தியரைச் சேர்க்க அவர்கள் தயாரில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். இதை எல்லா மேடையிலும் சொல்கிறோம். பிறகு நடந்ததில் நாடகம் கம்மி, அதனால் சொல்வதில்லை. அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் டாக்டராகி, 1900இல் வேலூரில் ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902இல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. நடுவில் வாரம் தவறாமல் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி நிறுத்தி, மரத்தடியில் காத்திருந்தவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்ட வேலை. 1946இல் ஓய்வு பெற்றார். ராத்திரி ஒன்று, பகல் 46 வருஷம். உங்களுக்கு ராத்திரி வராவிட்டால் போகிறது, பகல் தினமும் வருகிறதே?

கே: நாங்கள் செபமாலை சொல்கிற குடும்பம். சி.எஸ்.ஐ.யிலிருந்து வந்த மருமகள், "மனப்பாடம் ஜெபமாகுமா அத்தை?" என்கிறாள். (சேத்துப்பட்டு வாசகி)

ப: 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம். அண்டிரிக் அடிகளார் கொடுத்த 16 பக்கம். மந்திரங்களை மக்கள் நெஞ்சில் பதிக்கத்தான் அந்தப் பாடு. மருமகள் சபையிலும் திடப்படுத்தலுக்கு முன்னால் விசுவாசப்பிரமாணத்தை ஒப்பித்தது யார் என்று கேளுங்கள். மெதுவாகக் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அவள் கையில் இருக்கிறது.

கே: தினமும் ஜெபம், வெள்ளிதோறும் உபவாசம். ஆனால் எங்கள் ஊரில் கல்லறை மட்டும் சாதிக்கொன்று. இது என்ன அஸ்திவாரம்? (பெயர் வேண்டாம்)

ப: நம் பக்கத்து எறையூரில் 2008 மார்ச்சில், ஒரே ஜெபமாலை மாதாவை வணங்கும் வன்னியர்களும் தலித்துகளும் மோதினார்கள். ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் தனிப் பங்கு கேட்டதில் மூண்ட சண்டை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. அங்கே செபத்துக்கு என்றைக்கும் குறைச்சல் இருந்ததில்லை. பக்கத்தில் முழங்கால்படியிடுகிறவன் இன்ன தெருக்காரன் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்லும் ஜெபம் எத்தனை தலைமுறை நடந்தாலும் மணல்தான். நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இதையே சபைக் கமிட்டியில் எழுந்து நின்று கேளுங்கள், பெயரோடு.

கே: ஒழுங்காகத் தினமும் செய்தால் எத்தனை நாளில் அஸ்திவாரம் பலப்படும்?

ப: பன்னிரண்டு சீஷர்கள் மூன்று வருஷம் இயேசுவோடேயே சாப்பிட்டு, நடந்து, தூங்கினார்கள். கடைசி ராத்திரியில் ஒருவன் காட்டிக்கொடுத்தான், ஒருவன் தெரியாது என்றான், மற்றவர்கள் ஓடிப்போனார்கள். தரம் பார்க்கும் எஞ்சினியர் என்றால் அன்றைக்கே வேலையை நிறுத்தியிருப்பார். அவரோ மூன்றாம் நாள் எழுந்து, ஓடியவர்களையே தேடிப் போனார்.