ஆடிட் அண்ணன்

திருப்பூரில் எந்த எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் தடித்த ஃபைலுமாக ஒருவர் எதிர்ப்படுவார். விசிட்டிங் கார்டில் ‘கம்ப்ளையன்ஸ் மேனேஜர்’ என்றிருக்கும். செக்கிங் அம்மணிகளுக்கும் ஒடிசாத் தம்பிகளுக்கும் அவர் ஆடிட் அண்ணன்.

1923 செப்டம்பர் 1-இல் டோக்கியோவைச் சூறையாடிய நிலநடுக்கத்தை நினைத்து, ஜப்பான்காரர்கள் வருடந்தோறும் அதே தேதியில் பேரிடர் ஒத்திகை பார்க்கிறார்கள். போர் வந்தால் என்ன செய்வது என்று 2024 நவம்பரில் ஸ்வீடன் அரசு வீட்டுக்கு வீடு கையேடு அனுப்பியது. ஜெர்மனியில் பத்து நாள் சாப்பாட்டை எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். நம் அண்ணனுக்குப் பேரிடர், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் மெயிலில்தான் வரும்: ‘அடுத்த புதன்கிழமை பையர் ஆடிட்.’

செவ்வாய்க்கிழமை ராத்திரி கம்பெனி தூங்காது. வழியை மறித்த அட்டைப்பெட்டிகள் குட்டியானையில் ஏறி ஊர் சுற்றக் கிளம்பும். அவை நகர்ந்த பிறகுதான் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்ததே பலருக்குத் தெரியவரும். முதலுதவிப் பெட்டிக்குள் இருந்த நூல்கண்டு வெளியேறி, பேண்டேஜ் குடிபுகும். தீயணைக்கும் சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று எல்லோருக்கும் பாடம் நடக்கும். மறுநாள் ஆடிட்டர், “சம்பளம் ஒழுங்கா வருதா?” என்று கேட்க, பதற்றத்தில் ஒரு தம்பி, “பின்னை உருவோணும், நெருப்போட அடியில அடிக்கோணும்” என்று ஒப்பித்துவிடுவான்.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததல்ல. 2012 நவம்பரில் வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆடை ஆலையில் தீ மணி அடித்தும், “உட்கார்ந்து வேலையைப் பாருங்கள்” என்றார்கள் மேலாளர்கள். நூற்றுப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். ஐந்தே மாதத்தில் அதே நாட்டில், ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டு வெளியே வந்தவர்களை மறுநாள் காலையில் உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் சரிந்து 1,100 பேருக்கு மேல் போனார்கள். அதன் பிறகுதான் பெரிய பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி செல்லுபடியாகும் ஒப்பந்தம் போட்டன. வெளியேறும் வழியில் பூட்டுப் போடும் கதவே கூடாது என்றானது.

அண்ணன் அசட்டை ஆளில்லை. ஷிப்மென்ட் விஷயத்தில் ஸ்வீடன்காரனே அவரிடம் டியூஷன் வர வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர், அதற்கு டீசல், டெய்லர் வராவிட்டால் பீஸ்ரேட் கான்ட்ராக்டர், கப்பல் போய்விட்டால் விமானம். ஒரு ஊசி உடைந்தால் போதும், லைனையே நிறுத்தித் துண்டு துண்டாகத் தேடி ரிஜிஸ்டரில் ஒட்டுவார். முனை கிடைக்கும்வரை அந்த பண்டில் நகராது. எங்கோ ஒரு ஜெர்மன் குழந்தையின் முதுகில் குத்திவிடக் கூடாதே! அப்படிப்பட்டவரிடம் பின்கதவுச் சாவி எங்கே என்று கேளுங்கள்: “செக்யூரிட்டிகிட்ட இருக்குதுங்க. டீ குடிக்கப் போயிருக்காப்ல.”

புதன் சாயங்காலம் ஆடிட்டரின் கார் அவினாசி ரோட்டைத் தொடுவதற்குள் குட்டியானை திரும்பிவிடும். பெட்டிகள் இறங்குவதைப் பார்த்தபடி ஓவர்லாக் அம்மணி கேட்டாள்:

“ஏனுங்கண்ணா, நெசமாலுமே தீப்பிடிச்சா எந்த வழியில ஓடறதுங்க?”

“பின்கதவுதான் அம்மணி. காலைலதானே சொல்லிக் குடுத்தேன்?”

“அங்கதான் பொட்டி அடுக்கறாங்களே?”

“ஆடிட்டுத்தான் முடிஞ்சுதில்ல?”

“அப்ப நெருப்பையும் ஒரு வாரம் முன்னாடியே மெயில் போட்டுட்டு வரச் சொல்லீருங்கண்ணா.”